முட்டைக்கு முன்னால் யார்?

“ஆகாயத்துக்குக் காத்து பிள்ளையா? இதை யார் முடிவு பண்ணினது?”

கணக்கு அதிகாரி கையிலிருந்த தாள்களை மேஜை மேல் போட்டார். மெத்தை கம்பெனியின் மீட்டிங் அறையில் நாடக ஒத்திகை தொடங்கி இன்னும் டீகூட வந்திருக்கவில்லை.

எழுத்தாளர் எழுந்து நின்றார். எழுத்தாளர் என்பது ஆபீஸில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். மெத்தையின் ஓரத்தில் ஒரு சின்னத் துணிச்சீட்டைத் தைத்திருப்பார்களே, அதில் ‘நெருப்பின் அருகே வைக்க வேண்டாம், மடித்து வைக்க வேண்டாம்’ என்று எழுதுவதுதான் அவர் வேலை. அவருடைய படைப்புகள் லட்சக்கணக்கில் அச்சாகியிருக்கின்றன. படித்தேன் என்று இதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை. மெத்தை வாங்கியவர்கள் முதல் வேலையாக அதைத்தான் கத்தரித்துப் போடுகிறார்கள் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அடுத்தவர் கேலி பண்ணுவதற்குள் நாமே பண்ணிக்கொண்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

“நான்தான் சார் முடிவு பண்ணினேன். கதைப்படி ஆகாயம்தான் அப்பா. காத்து அவருக்கு மூத்த பிள்ளை.”

“ஆகாயம் யாரு? இவரு!” கணக்கு அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்த விற்பனை அதிகாரியைக் காட்டினார். “எனக்கப்புறம் வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்த அன்னைக்கு பாத்ரூம் எங்கேன்னு இவருக்கு வழி காட்டினவனே நான்தான். இவர் முன்னாடி நான் கையைக் கட்டிக்கிட்டு ‘தந்தையே’ன்னு நிக்கணுமா?”

“நின்னா என்ன? நல்லபடியா வளர்க்கறேன்,” என்றார் விற்பனை.

முதலாளியின் மனைவி ஏதோ ஒரு புத்தகத்தில், உலகத்துக் கடவுள்கள் எல்லாம் எப்படிப் பிறந்தார்கள் என்று படித்து மயங்கிவிட்டதில் வந்த வினை இது. கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு அதையே நாடகமாகப் போடச் சொல்லிவிட்டார். “இருக்கற சாமி யாரையும் தொடாதீங்க, ஷோரூம் கண்ணாடி உடையும்,” என்று மேனேஜர் எச்சரித்தார். “புதுசா செஞ்சுக்குங்க.” மெத்தை செய்கிற கம்பெனி இப்படித்தான் கடவுள் செய்யவும் கிளம்பியது.

எழுத்தாளர் இதற்குச் சம்மதித்ததற்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை. அவர் மனைவியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் வேறு ஊரில் இருந்தார்கள். மனைவிக்கு அங்கே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை. கம்பெனிக்கும் அங்கே ஒரு கிளை உண்டு. மாற்றல் கேட்கும்போதெல்லாம் மேனேஜர், “நீங்க போயிட்டா லேபிள் யார் எழுதறது? ஒழுங்கா வேலை செய்யற ஆளை யாராவது விடுவாங்களா?” என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவார். எழுத்தாளரும் அந்தத் தட்டலில் பூரித்துப்போய், என்ன கேட்க வந்தோம் என்பதை மறந்துவிட்டு இருக்கைக்குத் திரும்பிவிடுவார். இந்த முறைதான் மேனேஜர், “நாடகம் நல்லா வரட்டும், அப்பப் பார்க்கலாம்,” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

‘அப்பா எங்கே?’ என்று கேட்டால் குழந்தை போனைக் காட்டுகிறது. சார்ஜ் போட்டிருக்கும் போனுக்கு முத்தம் கொடுக்கிறது. எழுத்தாளர் இதை நடித்துக் காட்டி ஆபீஸில் எல்லோரையும் சிரிக்க வைப்பார். பிறகு தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவார்.

நாடகத்துக்காக நூலகத்துக்கும் போய்ப் பார்த்தார். ஒரு நாட்டில் அப்பன் பெற்ற பிள்ளைகளை வரிசையாக விழுங்கினான். இன்னொரு நாட்டில் மகள் அப்பனின் தலையைப் பிளந்துகொண்டு வந்தாள். கடல்தான் எல்லோருக்கும் தாய் என்றது ஒரு கதை. கடல் கடைக்குட்டி என்றது அடுத்த பக்கம். கடவுள்களே வம்சாவளியை இந்த லட்சணத்தில் வைத்திருக்கும்போது, லேபிள் எழுதுகிறவன் ஒருவன் அதைக் கெடுத்துவிட முடியாது என்று அவருக்குத் தைரியம் வந்தது. ஆகாயம், ஆகாயத்தின் மகன் காற்று, காற்றின் மகன் நெருப்பு என்று மூன்று தலைமுறை எழுதினார். நெருப்பு வேஷம் ஸ்டோர்ஸ்காரருக்கு. கச்சிதமாக வந்துவிட்டது என்று நினைத்தார். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது இப்படித் தோன்றத்தான் செய்யும்.

“சரி சார், மாத்திடறேன்,” என்றார் இப்போது. “காத்துதான் அப்பா. ஆகாயம் பிள்ளை. சரியா?”

கணக்கு அதிகாரி தாள்களைப் பொறுக்கிக்கொண்டார். விற்பனை அதிகாரி எழுந்துவிட்டார்.

“எனக்குப் பேரன் பொறந்தாச்சு சார். தலைக்குச் சாயம் அடிக்கறதை நிறுத்தினா இவருக்கு நான் பெரியப்பா மாதிரி இருப்பேன். இவருக்கா நான் பிள்ளை? வேற ஆளைப் பாருங்க.”

அவர் போனதோடு, அவர் பிரிவிலிருந்து வந்த நட்சத்திரங்களும் மேகங்களும் கூடவே போய்விட்டன. அறையில் காற்றும் நெருப்பும் மட்டும் மிஞ்சின.

சாயங்காலம் எழுத்தாளர் தன் மாடி அறையில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

“கடவுளைப் படைக்கிறது சுலபம்மா. அவங்களுக்கு அப்பா அம்மா பார்க்கறதுதான் கஷ்டம்,” என்றார். நடந்ததைச் சொன்னார்.

மனைவி பொறுமையாகக் கேட்டாள். “ரெண்டு பேரும் தானாவே தோன்றினாங்கன்னு வச்சுடுங்களேன். யாருக்கும் யாரும் அப்பா இல்ல.”

“தானாவா?”

“எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் தங்களைப் பத்தி அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே என்று எழுத்தாளர் வியந்தார். மறுநாள் ஆகாயம் திரும்பி வந்தது. ஸ்டோர்ஸ்காரர் கோபித்துக்கொண்டார்.

“அவங்க ரெண்டு பேரும் தானா வருவாங்க, நான் மட்டும் ஒருத்தருக்குப் பொறக்கணுமா? ஸ்டோர்ஸ்னா அவ்வளவு இளக்காரமா?”

அவரையும் தானாகத் தோன்ற வைத்தார். உடனே மேகங்கள் கேட்டன. நட்சத்திரங்கள் கேட்டன. எல்லோருக்கும் கொடுத்தார். அடுத்த ஒத்திகையில் ஒவ்வொருவராக நடுவே வந்து, “நான் தோன்றினேன்,” என்று சொல்லிவிட்டு நின்றார்கள். தோன்றியவர்களுக்குத் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். ஒரு நட்சத்திரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். “என்னய்யா இது? யாருக்கும் யாரும் உறவே இல்லேன்னா கதை எங்கே இருக்கு? எல்லாத்துக்கும் மூலம்னு ஒண்ணு வேண்டாமா? முதலாளி அம்மா முதல் கேள்வியே அதைத்தான் கேப்பாங்க.”

“மூலம் வச்சுடறேன் சார்.”

“வைங்க. இல்லேன்னா உங்க மாற்றலை நீங்களே மறந்துடுங்க.”

அன்று போனில் மனைவியின் குரலோடு குழந்தை பாத்திரத்தைத் தட்டும் சத்தமும் கேட்டது. அவள் தன் ஆபீஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஃபைலை எல்லாம் ஒழுங்கா அடுக்கி வைக்கறாளே, அவளுக்கு இந்த வருஷமும் லீவு கிடையாதாம். கம்ப்யூட்டர் மேல தண்ணியைக் கொட்டினானே ஒருத்தன், அவனை அவன் ஊருக்கே மாத்தி அனுப்பிட்டாங்க.”

“ம்,” என்றார் எழுத்தாளர். அவர் மூலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். “இந்தத் தடவை எனக்கு எப்படியும் கிடைச்சுடும்மா. என் அலமாரி அப்படியே இருக்கில்ல?”

“அதுல குழந்தை துணி வச்சிருக்கேனே.”

“முழுசுமா?”

“மேல் தட்டுல அம்மாவோட மருந்து.”

அந்த வீட்டில் தனக்கென்று இருந்த ஒரே இடமும் போய்விட்டது என்று எழுத்தாளருக்குத் தெரிந்தது. வாடகை வீட்டில் போர்ஷனை இழந்தவர் போல அவர் தன் மாடி அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார். வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு பிரச்சினையைச் சொன்னார்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏங்க, எத்தனையோ நாட்டுல எல்லாமே ஒரு முட்டையிலேருந்துதான் வந்ததுன்னு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க? பெரிய ஆளுங்க எல்லாரையும் ஒரே முட்டைக்குள்ள போட்டுடுங்க. ஒண்ணா வெளிய வரட்டும்.”

“மேடையிலயா? உள்ளேயே உட்கார வச்சா?”

“அதான் உங்ககிட்ட அவ்வளவு ஃபோம் இருக்கே.”

இப்படி ஒரு மனைவி வாய்த்ததற்கு என்ன புண்ணியம் செய்தோமோ என்று எழுத்தாளர் நெகிழ்ந்துபோய் விடியும் முன்பே எழுந்து எழுதினார்.

தையல் பிரிவில் முட்டை தயாரானது. உள்ளே கனமான ஃபோம், வெளியே மெத்தை உறைத் துணி, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஜிப். துணியில் வெள்ளை தீர்ந்துபோயிருந்ததால் பூப்போட்ட முட்டையாகிவிட்டது. ஜிப் திறந்ததும் ஆகாயமும் காற்றும் நெருப்பும் தோளோடு தோளாக ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அபிப்பிராய பேதமே இல்லை. எழுத்தாளர் அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். “அது சரி, முட்டைக்கு முன்னால யாரு? முட்டை தானா உருண்டு வந்துடுச்சா?”

“ஒரு பெரிய பறவை சார். அதுதான் சகல தேவர்களுக்கும் ஆதித் தாய். கதையிலயே பெரிய பாத்திரம். நீங்களே அந்த வேஷத்தை...”

“நான் முட்டை போடணுமா?”

“போடறது திரைக்குப் பின்னாடியே முடிஞ்சுடும் சார். மேடையில அது மேல உட்கார்ந்தா போதும்.”

மேனேஜர் பார்த்த பார்வையில் மாற்றல் உத்தரவு ஒரு வருஷம் தள்ளிப் போனது எழுத்தாளருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

“பறவைக்கு உங்க வாட்ச்மேனைப் போடுங்க,” என்றாள் அவள்.

“வாட்ச்மேனா? அப்ப மேனேஜருக்கு வேஷம்?”

“அவரையும் முட்டைக்குள்ளயே வச்சுடுங்க. ஆதி ஒளின்னு சொல்லுங்க, சந்தோஷப்படுவார். உள்ளேயிருந்து பேசினா வெளிய கேக்காதில்ல? சட்டையில குத்தற மைக் ஒண்ணை அவருக்கு மாட்டிடுங்க. ஆரம்பத்துலேருந்தே போட்டு வச்சுடுங்க, அப்புறம் மறந்துடுவீங்க. முதலாளி முன் வரிசையிலதானே உட்காருவார்?”

“ஆமாம். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

“நீதாம்மா எழுத்தாளரா இருந்திருக்கணும். நான் உனக்கு லேபிள் ஒட்டக்கூட லாயக்கில்ல,” என்றார். உண்மையாகவே சொன்னார்.

மேனேஜர் ஆதி ஒளியாக இருக்கச் சம்மதித்தார். தங்க நிற ஜரிகை அங்கி ஒன்று தைத்துக்கொண்டார். வாட்ச்மேன் ஆதித் தாயாக இருக்க உடனே ஒப்புக்கொண்டார். “உட்கார்றதுதானே சார்? இத்தனை வருஷமா அதைத்தானே செய்யறேன்,” என்றார். மூவருக்குத் தைத்த முட்டையில் நால்வரை அடைக்க வேண்டியிருந்தது. ஃபோம் என்பதால் அமுக்கினால் இடம் கொடுக்கும் என்று தையல்காரர் தைரியம் சொன்னார்.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் முதலாளியும் அவர் மனைவியும். திரை விலகியது. நடு மேடையில் பூப்போட்ட முட்டை. அதன் மேல் பஞ்சு இறக்கை கட்டிய வாட்ச்மேன் கம்பீரமாக அமர்ந்திருந்தார். எழுத்தாளர் ஓரத்தில் நின்று மணி அடித்தார். ஆதித் தாய் எழுந்து நகர்ந்தது. ஜிப் திறக்க வேண்டும்.

திறக்கவில்லை. மறுபடியும் மணி அடித்தார். முட்டை ஒரு பக்கமாக வீங்கி, மறுபடி தன் வடிவத்துக்கு வந்தது.

ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. “இழுய்யா!”

“இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். துணி மாட்டிக்கிச்சு.”

“யார் துணி?”

“உங்களோடதுதான் சார். ஒளி மாட்டிக்கிச்சு.”

“அது என் கால்!” என்றது ஆகாயம்.

“உங்க காலை எதுக்கு என் மடியில வைக்கறீங்க?” என்றது காற்று.

எழுத்தாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைக்கை அணைக்கலாமென்றால் அது முட்டைக்குள் இருந்தது. வாட்ச்மேன் நிலைமையைச் சமாளிப்பதற்காக மறுபடியும் முட்டை மேல் ஏறி உட்கார்ந்து, “இன்னும் பொரியலைங்க, கொஞ்சம் பொறுங்க,” என்று சபையைப் பார்த்துச் சொன்னார். அவர் எடை தாங்காமல் உள்ளேயிருந்து நான்கு குரல்களும் சேர்ந்து அலறின. முதலாளியின் மனைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

மேனேஜரின் குரல் மட்டும் தனியாக எழுந்தது. “இந்த ஜிப்பு வேண்டாம், வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மலிவா கிடைச்சா போதும் முதலாளிக்கு! இந்த ஜிப்பு வச்ச மெத்தையை என் வீட்டுல போடுவேனா?”

“அப்ப நீங்க எந்த கம்பெனி மெத்தையில சார் படுக்கறீங்க?” என்று நெருப்பு ஆவலோடு கேட்டது.

ஆதி ஒளி பதில் சொன்னது. எதிர்க் கம்பெனியின் பெயர் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

முதலாளி எழுந்தார். மேடைக்கு வந்தார். தையல்காரரிடமிருந்து பெரிய கத்தரிக்கோலை வாங்கி, சொந்த கம்பெனியின் மெத்தை உறையைத் தானே மேலிருந்து கீழாக வெட்டினார். தேவர்கள் தவழ்ந்தபடி வெளியே வந்தார்கள். முதலில் வந்தது யார் என்பதில் கணக்குக்கும் விற்பனைக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

“இதுக்கெல்லாம் மூலம் யாரு?” என்றார் முதலாளி.

அத்தனை ஒத்திகையிலும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத ஆகாயமும் காற்றும் நெருப்பும் ஒளியும், இறக்கை கட்டிய ஆதித் தாயும், ஒரே நேரத்தில் மேடையின் ஓரத்தைப் பார்த்துக் கை நீட்டினார்கள். மணியைப் பிடித்தபடி எழுத்தாளர் நின்றுகொண்டிருந்தார். ஒருவழியாக எல்லோருக்கும் பொதுவான மூதாதை கிடைத்துவிட்டார்.

மறுநாள் காலை மேனேஜர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“முட்டைக்குள்ள காத்து இல்லாம மயக்கத்துல உளறிட்டேன்னு முதலாளிகிட்டச் சொல்லி என் வேலையைக் காப்பாத்தி வச்சிருக்கேன்.”

“காத்து உள்ளேதானே சார் இருந்தார்?”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நல்ல வசனம் எல்லாம் வேண்டாத நேரத்தில்தான் அவருக்கு வரும்.

“இனிமே உங்களை இந்தக் கட்டடத்துல பார்க்கக்கூடாது!” என்று மேனேஜர் ஒரு தாளில் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். “நமக்கு இன்னும் இருக்கறது ஒரே ஒரு கிளை. அங்கே போய்த் தொலைங்க. உங்க ஊர்தான், தெரியும். ரொம்ப சந்தோஷப்படாதீங்க. எழுதற வேலை கிடையாது. குடோன்ல மெத்தையைக் காவல் காத்துக்கிட்டு உட்காருங்க.”

பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது எழுத்தாளருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. ஆனால் மனைவியிடம் எப்படிச் சொல்வது? அவள் பாவம், தினமும் வேலையிலிருந்து அலுத்து வந்து அத்தனை யோசனை சொன்னாள். அருமையான யோசனைகள். அதையெல்லாம் எழுதத் தெரியாமல் எழுதிக் குட்டிச்சுவராக்கிவிட்டோம். இப்போது தண்டனையாகத் தூக்கியடிக்கப்பட்டு வருகிறோம் என்று தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? வழியெல்லாம் வசனம் எழுதிப் பார்த்தார். எல்லாம் லேபிள் மாதிரியே வந்தது.

மாமியார்தான் கதவைத் திறந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பாட்டியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தது. போனைப் பார்த்தது. பிறகு எழுந்து தள்ளாடி வந்து, போனை அவரிடம் நீட்டி, “அப்பா,” என்று அறிமுகம் செய்து வைத்தது.

“வணக்கம்,” என்று எழுத்தாளர் போனிடம் சொன்னார். குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அது அழாமல் அவர் மூக்கைப் பிடித்துப் பார்த்தது.

“உட்காருங்க மாப்பிள்ளை. இனிமே இங்கேதானே?”

“ஆமாம் அத்தை. ஆனா...” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நல்ல பேரோட வரல. நாடகம் நாறிப்போச்சு. கோவிச்சுக்கிட்டு இங்கே தள்ளிட்டாங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல அத்தை. அவ சொன்ன யோசனை எல்லாம் நல்ல யோசனை. எனக்குத்தான் சாமர்த்தியம் போதல. அவ வந்ததும் நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.” பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தினார். “இதை இங்கேயே வச்சுக்கறேன். என் அலமாரியில இடம் இருக்காது.”

மாமியார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஏன் இருக்காது? ‘இதுக்கு மேல அவரை அங்கே வச்சிருக்க மாட்டாங்கம்மா’ன்னு சொல்லி, உங்களுக்கு முட்டை யோசனை சொன்ன அன்னைக்கே அலமாரியைக் காலி பண்ணித் துடைச்சு வச்சுட்டாளே மாப்பிள்ளை!”